முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பொம்மை

"ஒரே ஒரு கையெழுத்து அக்கா! அதுக்குப் போய் மூணு நாளா இழுத்தடிக்கிறீங்களே!"

சின்ன முதலாளி மேசைமேல் இருந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அந்தப் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடி என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது.

இருபத்தாறு வருஷமாக அக்காவுக்கு ஒரே வேலை. வரலாற்றில் ஒரு வருஷத்துக்கு ஒரு புத்தகம். அந்த வருஷம் எந்தப் பாடகி பிறந்தாள், எந்த மந்திரி பதவியை விட்டு ஓடினார், எந்தப் பாலம் திறந்தது, எந்தக் கப்பல் மூழ்கியது என்று ஒன்று விடாமல் தேடிச் சேர்க்க வேண்டும். செத்தவர்கள் பட்டியலைச் சரிபார்த்துச் சரிபார்த்தே தன் பாதி உயிர் போய்விட்டது என்பாள்.

ஒவ்வொரு புத்தகத்திலும் வேண்டுமென்றே ஒரு பொய்யும் வைப்பார்கள். உலகத்திலேயே இல்லாத ஓர் ஆளைப் பற்றி இரண்டு வரி. யாராவது புத்தகத்தைத் திருடி அச்சடித்தால் அந்த இல்லாத ஆளும் கூடவே போவார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். அலுவலகத்தில் அதற்குப் பெயர் 'பொம்மை'. பெரிய முதலாளி காலத்தில் எந்த வரி பொம்மை என்பது அவருக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இப்போதுதான் ஒரு திருடன் மாட்டியிருக்கிறான். பெரிய பதிப்பகம். பெருவெள்ளம் வந்த வருஷத்தின் புத்தகத்தை அட்டையை மட்டும் மாற்றி அப்படியே போட்டுவிட்டான்.

பக்கத்தில் இருந்த பதிப்பகத்தின் வக்கீல் இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, பொம்மையின் பெயருக்குக் கீழே இருந்ததை உற்சாகமாகப் படித்தார். "'மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், தன்னந்தனியாக அணையின் ஏழு மதகுகளையும் திறந்து நகரத்தைக் காப்பாற்றிய தினக்கூலித் தொழிலாளி. மதகுச் சக்கரத்தில் சிக்கி இரண்டு விரல்களை இழந்தார்.' அடடா! வார்த்தைக்கு வார்த்தை அடிச்சிருக்கான் சார்."

"ரெண்டு விரல் போச்சாம்! அக்காவுக்குக் கற்பனை பிச்சுக்கிட்டுப் போகுது," என்று சின்ன முதலாளி சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை.

"அணைக்கட்டு ஆபீஸ் ரெஜிஸ்டரையும் பாத்துட்டேன்," என்றார் வக்கீல். "இன்ஜினீயரே முன்னால நின்னு மதகைத் திறந்ததா இருக்கு. இந்தப் பேர்ல ஒரு ஈ காக்கா கிடையாது. நமக்கு ரொம்ப நல்லது."

கோர்ட்டில் கொடுக்க வேண்டிய அந்தத் தாளை அக்கா எடுத்துப் படித்தாள். "சார், 'இது கற்பனை'ன்னு மட்டும் போட்டா போதாதா? 'அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை'ன்னு வேற எழுதணுமா?"

"எழுதித்தான் ஆகணும்மா."

"ஒருவேளை நிஜமாவே அப்படி ஒரு ஆள் இருந்திருந்தா?"

"கேஸ் புட்டுக்கும்! நடந்த விஷயத்தை யார் வேணாலும் எழுதலாமே. நாங்களும் விசாரிச்சுத்தான் எழுதினோம்னு சொல்லிட்டுக் கையை வீசிக்கிட்டுப் போயிடுவான்."

சின்ன முதலாளியின் குரல் இறங்கியது. "தோத்தா அடுத்த மாசம் கதவைச் சாத்திட வேண்டியதுதான் அக்கா. அவன் விக்கிற விலைக்கு நம்மால விக்க முடியாது. பதினோரு பேர் இருக்கோம். பைண்டிங் அண்ணனுக்கு இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? உங்களுக்குத்தான் எவன் குடுப்பான்?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பைண்டிங் அண்ணன் பசை தடவிக்கொண்டே இவர்களைப் பார்த்தார். ஒன்றும் காதில் விழாவிட்டாலும் விஷயம் அவருக்குத் தெரியும். மூன்று நாளாக அக்காவுக்கு டீயை அவரேதான் கொண்டுவந்து வைக்கிறார்.

அவர் முகத்தைப் பார்க்க அக்காவுக்குத் தெம்பில்லை. "எனக்கு அலுப்பா இருக்கு தம்பி," என்றாள். "உடம்பெல்லாம் அலுப்பா இருக்கு. குடுங்க, போட்டுத் தொலைக்கிறேன்."

சின்ன முதலாளி பேனாவைத் திறந்தே கொடுத்தார். போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" வக்கீல் தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "டைப் அடிச்ச பொண்ணு தலைப்பு வரியில இடம் விட்டுட்டா. பிரமாணப் பத்திரம்னா 'இன்னாரின் மகளாகிய நான்'னுதான் தொடங்கணும். உங்க தகப்பனார் பேரைச் சொல்லுங்கம்மா, நானே எழுதிடறேன்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அது இல்லாம முடியாதா சார்?"

"என்னம்மா இது! யார் பொண்ணுன்னு சொல்லாம சத்தியம் பண்ண முடியுமா? அப்பா பேரே மறந்துபோச்சா?"

"மறக்கல சார். இந்த ரெண்டு வரியை முதல்ல நிஜம்னு சொல்லித்தான் பெரிய முதலாளிகிட்ட கொண்டுபோனேன். ஆதாரம் எங்கேன்னு கேட்டார். தினக்கூலிக்கு ஏது சார் ஆதாரம்? ஒரு வாரம் கழிச்சு, பொம்மைன்னு சொல்லி அதையே திரும்பக் கொண்டுபோனேன். நல்லா இருக்கேன்னு சொல்லிப் போட்டுட்டார்."

சின்ன முதலாளி நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். வக்கீலுக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பேனாவைத் தாள்மேல் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த பெயருக்குக் கீழே விரலை வைத்தாள்.

"அப்பா பேர் இதுதான் சார். பாத்து எழுதிக்குங்க."