தீருவில் யாருமில்லை

படகில் கிடந்த வலையை எடுத்துப் பாறைமேல் விரிக்கச் சொன்னார் வெளிநாட்டுப் போதகர் வெண்டல். படகுக்காரனான என் கொழுந்தன் புத்ரோஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

நைலான் வலையை எவன் பாறையில் காயப்போடுவான்? அது படகிலேயே காய்ந்துவிடும். பாறையில் போட்டு இழுத்தால் கண்ணி கண்ணியாகக் கிழியும். ஆனால் வேதத்தில் சொல்லியிருக்கிறதாம்: எங்கள் ஊரான இந்தத் தீரு பட்டணம் வெறும் பாறையாகும், வலை காயப்போடும் இடமாகும், மறுபடி கட்டப்படாது, தேடினாலும் அகப்படாது.

சன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேடினாலும் அகப்படாத ஊருக்கு இந்த மனிதர் பெய்ரூட்டிலிருந்து டாக்ஸி பிடித்து எப்படி வந்து சேர்ந்தாராம்?

தீர்க்கதரிசி சொன்னது நடந்ததா என்று சரித்திரத்தோடு ஒப்பிட்டு ஆராய்கிறாராம், படமும் எடுக்கிறாராம். பெரிய ஆராய்ச்சி! விடையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டல்லவா வந்திருக்கிறார்.

நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். பாபிலோன் ராஜா பதிமூன்று வருஷம் எங்கள் ஊரை முற்றுகை போட்டுப் பார்த்தான். பட்ட பாட்டுக்குக் கூலிகூடக் கிடைக்கவில்லை என்று அதே தீர்க்கதரிசியே பிறகு ஒத்துக்கொண்டிருக்கிறார். அலெக்சாண்டர் கடலில் கல்லையும் மண்ணையும் கொட்டிப் பாதை போட்டு வந்து எரித்தான். எங்கள் ஆட்கள் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். பிறகு அப்போஸ்தலர் பவுல் கப்பலிலிருந்து இறங்கி ஒரு வாரம் இங்கே தங்கினார். யார் வீட்டுச் சோறு சாப்பிட்டார்? பாறை வீட்டுச் சோறா?

இதையெல்லாம் நேற்று என் மேசையில் உட்கார்ந்து என் மீன் சோற்றைத் தின்றுகொண்டிருந்த வெண்டலிடமே கேட்டேன். என் மகன் ஃபாதிதான் மொழிபெயர்த்தான். என்னத்தைச் சொன்னானோ, அந்த ஆள் "நன்றி, நன்றி" என்று தலையாட்டினார்.

ஃபாதியைக் குற்றம் சொல்ல முடியாது. எஞ்சினீயர் படிப்பை முடித்துவிட்டுத் துறைமுகத்தில் காப்பி ஊற்றிக் கொடுக்கிறான். போன சண்டையில் நொறுங்கிய எங்கள் சன்னல் கண்ணாடிக்குப் பதிலாக இன்னும் பிளாஸ்டிக் தாள்தான் ஒட்டியிருக்கிறோம். வெண்டலுக்குக் கடலுக்கு அப்பால் ஒரு வேதாகமக் கல்லூரி இருக்கிறது. படம் நல்லபடி அமைந்தால் ஃபாதியைக் கூடவே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். இதை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை.

படம் நல்லபடி அமைய, உள்ளூர்க்காரன் ஒருவன் கேமரா முன் நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்: "இங்கே யாருமில்லை." இரண்டு நாளாக ஃபாதி சமையலறையில் சொல்லிப் பார்த்ததில் எனக்கே மனப்பாடம்.

ஊரில் யாருமில்லை என்று உள்ளூர்க்காரனே சொல்ல வேண்டுமாம். அந்த மண்டைக்கு இது உறைக்கவே இல்லை.

கடல் பக்கம் திருப்பினால் சாயங்கால வெயில் கேமராவில் நேராக அடித்தது. அதனால் எங்கள் வீடுகள் பக்கம் திருப்பினார்கள். வீடுகளுக்கு அடிச்சுவர் பழைய ரோமாபுரிக் கல். சன்னல்களைச் சாத்திவிட்டால் பாழடைந்த கோட்டை மாதிரி தெரியுமாம். எங்களை உள்ளே போகச் சொல்லி வெண்டல் கோழி விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினார்.

நானா போவேன்? ஃபாதி வாயைத் திறந்ததும் கத்தினேன்.

"டேய் ஃபாதி, சோறு ஆறுதுடா! யாருமில்லாத ஊருல யாருடா ஆக்கி வச்சிருக்கா?"

அடுத்த தடவை பக்கத்துச் சன்னலிலிருந்து ஜிரியோஸ் அம்மா கம்பளத்தை உதறினாள்.

"தூசிடி, தூசி! அந்தத் தீர்க்கதரிசி காலத்துத் தூசி!"

வரிசை முழுக்கச் சன்னல்களில் சிரிப்பு.

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார். ஃபாதியிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கேமராவின் காலை மடக்க ஆரம்பித்தார்.

ஃபாதி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கத்தவில்லை, திட்டவில்லை. ஐந்து விரலையும் குவித்து மேலே காட்டினான். கொஞ்சம் பொறு என்பதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான்.

கொடியில் கிடந்த துணிகளை வாரி எடுத்தேன். சன்னலின் மரக்கதவுகளை இழுத்துச் சாத்தினேன்.

"என்ன ஃபாதி அம்மா, நீயுமா?" என்றாள் ஜிரியோஸ் அம்மா.

அவள் கீழே பாறையைப் பார்த்தாள். பிறகு கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு அவளும் சன்னலைச் சாத்தினாள். அடுத்து மிலாத் அம்மா. அதற்கடுத்து நிகோலா அம்மா. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. படபடவென்று வரிசை முழுக்கச் சாத்துகிற சத்தம் கேட்டது.

உள்ளே இருட்டில் தரையில் உட்கார்ந்தேன். துணிகள் மடியில் ஈரமாக இருந்தன.

வெளியே அப்படி ஓர் அமைதி. எந்த வீட்டிலும் வாயைப் பொத்தி அடக்க ஒரு குழந்தை இல்லை. பாட்டை நிறுத்து என்று அதட்ட ஒரு வாலிபன் இல்லை. ஜிரியோஸ் சுவீடனில். மிலாத் மாண்ட்ரியாலில். நிகோலா இப்போது எந்த ஊரில் என்று நிகோலா அம்மாவுக்கே சரியாகத் தெரியாது. எங்கள் வரிசையில் மிச்சமிருந்த ஒரே பிள்ளை வெளியே பாறைமேல் நின்றுகொண்டிருந்தான்.

"இங்கே யாருமில்லை" என்றான் ஃபாதி. குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை.

வெண்டல் அல்லேலூயா என்று கூவியது கேட்டது. ஒருவேளை இன்னொரு தடவை எடுப்பார்களோ என்று நாங்கள் யாரும் சன்னலைத் திறக்கவில்லை.