கீழே வைக்கும் வரை

படிக்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் வந்து அவன் காதருகே குனிந்தார்.

தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் படிக்கட்டு. பதினொரு படிகள், இரண்டு டன் எடை. கிரேன் அதைத் தரையிலிருந்து தூக்கி, ஒன்பதாவது மாடிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அது உட்கார வேண்டிய இடத்தைச் சுற்றி நான்கு பேர் கையுறை மாட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள்.

அவன் சிக்னல்மேன். ஆபரேட்டரின் கேபின் எதிரே, இன்னும் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மாடியின் உள்மூலைகள் தெரியாது. அவன் கை காட்டும் இடத்துக்குத்தான் எடை இறங்கும்.

சூப்பர்வைசர் சுருக்கமாகவே சொன்னார். அவனுடைய அக்கா ஆபீசுக்குப் போன் செய்திருந்தாள். மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்த அம்மா காலை எட்டரைக்குத் தவறிவிட்டார்.

அவன் தலையை ஆட்டினான். கண்ணைப் படிக்கட்டிலிருந்து எடுக்கவில்லை.

நீ கிளம்பு, வேறு ஆளை நிறுத்துகிறேன் என்றார் சூப்பர்வைசர்.

வேண்டாம் என்றான். பாதியில் கை மாறினால் மேலே இருப்பவர் குழம்பிவிடுவார் என்றான். அதுவும் உண்மைதான்.

அப்படியானால் ஆபரேட்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பார்த்து இறக்கட்டும் என்று சூப்பர்வைசர் இடுப்பிலிருந்த ரேடியோவைத் தொட்டார்.

அவன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். அந்தப் பிடியைப் பார்த்து அவரே கையை எடுத்துக்கொண்டார்.

சைட்டில் அவனுக்கும் ஆபரேட்டருக்கும் ‘ஊமை ஜோடி’ என்று பெயர்.

நாலு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ரேடியோவில் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீ குடிக்கும் நேரத்தில் இவன் கிழக்கு மூலை என்றால் அவர் மேற்கு மூலை. என்ன தகராறு என்று யாருக்கும் தெரியாது. பழைய சைட்டில் யூனியன் தேர்தலில் முறைத்துக்கொண்டார்கள் என்றான் கம்பி கட்டுகிறவன். அதெல்லாம் இல்லை, பெண் விஷயம் என்றான் வெல்டர். அவனுக்கு எல்லாமே பெண் விஷயம்தான்.

வாய்கிழியக் கத்தி வேலை செய்யும் மற்ற ஜோடிகள் இரண்டு தடவை சுவரை இடித்திருக்கிறார்கள். இவர்கள் ஒரு செங்கல்லைக்கூட உரசியதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் இப்படிப் பேசாமல் இருந்தால் குடும்பம் எங்கேயோ போய்விடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அவன் வலது கையைத் தாழ்த்தி, ஆள்காட்டி விரலால் சிறு வட்டம் போட்டான். இறக்கு.

இடது உள்ளங்கையை அதன் மேல் அசையாமல் பிடித்தான். மெதுவாக.

அம்மா இல்லை என்பது உள்ளே எங்கேயும் போய்த் தைக்கவில்லை. காற்றின் வேகம், கயிற்றின் சாய்வு, இன்னும் எத்தனை அடி என்பவற்றோடு அதுவும் ஒன்றாக இருந்தது. காது மட்டும் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

படிக்கட்டு ஓரடி இறங்கி நின்றது.

அவன் நிறுத்தச் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் ஆபரேட்டர் முன்னால் சாய்ந்திருந்தார். எடையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் விரலைப் பார்த்தான். நடுங்கவில்லை. கோடு போட்ட மாதிரி இருந்தது. ஒருவேளை அதுதான் அவருக்கு உறுத்தியதோ என்னவோ. முகத்தைச் சரிசெய்துகொள்ள நினைத்தான். எதைச் சரிசெய்வது என்று தெரியவில்லை.

மறுபடி வட்டம் போட்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கயிறு அசைந்தது. அவர் இவ்வளவு மெதுவாக இறக்கி அவன் பார்த்ததில்லை.

நான்கு பேரும் விளிம்பைப் பிடித்தார்கள். ஒருவனுடைய விரல்கள் அடியில் இருப்பதைப் பார்த்து, அவன் கையை நீட்டி நிறுத்தச் சொன்னான். விரல்கள் வெளியே வந்தன. கடைசி ஒரு சாண். படிக்கட்டு தன் இடத்தில் உட்கார்ந்தது. கொக்கியைக் கழற்றினார்கள். அது வெறுமனே மேலே ஏறி, தலைக்கு மேல் வெகு உயரத்தில் நின்றது.

அவன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக் காட்டினான். எல்லாம் நிறுத்து.

கிரேனின் இரைச்சல் அடங்கியது. நான்கு பேரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். இனி கிளம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் சூப்பர்வைசர்.

அவன் ரேடியோவைக் கையில் எடுத்தான்.

இறக்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு பக்கம் யோசித்துக்கொண்டேதான் இருந்தான். பொத்தானை அழுத்தியதும் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“அண்ணே.”

பொத்தானை விட்டான். கரகரவென்று சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“அம்மாவா?”

சூப்பர்வைசரின் இடுப்பிலிருந்த ரேடியோவிலும் அது கேட்டது. அவர் அவனைப் பார்த்தார். அப்புறம் அண்ணாந்து கேபினைப் பார்த்தார். மறுபடி அவனைப் பார்த்தார். நாலு வருடமாகப் பார்த்தும், இருவருக்கும் ஒரே முகஜாடை என்பது இப்போதுதான் அவருக்குப் பட்டது.

ரேடியோவைக் கீழே இறக்கிவிட்டு, மேலே தெரியும்படி தலையைப் பெரிதாக ஒருமுறை ஆட்டினான்.

கேபின் கதவு திறந்தது. ஒரு கால் வெளியே வந்து ஏணியின் முதல் கம்பியைத் தேடியது.