கியர்பாக்ஸ்னே எழுதிடுங்க

“உதறுதுங்க மேடம். உதறிட்டு, குபீர்னு பாயுது. பாஞ்சுட்டு, மறுபடி உதறுது.”

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர் மூன்றாவது முறையாக அதே புகாரோடு வந்து நின்றார். சொன்னால் மட்டும் போதாதென்று தோளைக் கிடுகிடுவென்று குலுக்கி, கழுத்தை முன்னால் எறிந்து, நடித்தும் காட்டினார்.

ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக்குக்கு ‘டாக்டரம்மா’ என்றுதான் பெயர். கியர்பாக்ஸ் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

முதல் தடவை கியர் ஆயிலைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். கருகல் வாடை இல்லை, அளவும் சரி. இரண்டாம் தடவை தானே இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாள். மடியில் படுத்த பூனை மாதிரி உறுமிக்கொண்டு போனதே தவிர, உதறல்? மூச்! கடைசியில், ஓடும்போது நடப்பதையெல்லாம் பதிவு செய்கிற ஒரு சின்னப் பெட்டியைக் காரில் மாட்டி அனுப்பினாள்.

ஒரே வாரம். பெட்டி குட்டை உடைத்துவிட்டது.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. ஆட்டோமேடிக் வண்டியில ரெண்டு காலையும் வச்சா ஓட்டறீங்க?”

“இருக்கறதே ரெண்டு கால்தானே மேடம்?”

டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் குபுக்கென்று சிரித்தார்கள்.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “இந்தக் கோடு ஆக்ஸிலேட்டர். இது பிரேக். ரெண்டும் ஒண்ணா ஏறி நிக்குது பாருங்க. வலது கால் ‘ஓடு ஓடு’ங்குது, இடது கால் ‘நில்லு நில்லு’ங்குது. பாவம், வண்டி யார் பேச்சைக் கேக்கும்? குழம்பிப் போய் உதறுது. பிரேக்லேர்ந்து கால் எடுத்ததும், விட்டாப் போதும்னு பாயுது.”

“அடடா… பிரேக் இடது பக்கமா இருக்கு?”

டாக்டரம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“கிளட்ச் வண்டி ஓட்டின பழக்கம் சார். இதுலயும் கிளட்ச் இருக்கற நெனப்புல கால் தானா அங்க போய் உக்காருது. வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. கோளாறு ஓட்டறவங்க கால்ல. இப்படியே போனா ஒரு நாள் பின்னால வர்றவன் வந்து நச்சுனு இடிப்பான்.”

அவர் முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், ரிப்போர்ட்ல கியர்பாக்ஸ் கோளாறுன்னே எழுதிடுங்களேன்.”

“எதுக்கு?”

“வீட்ல மாமனார் இருக்கார். கோளாறு கால்லதான்னு அவர் காதுக்குப் போச்சுன்னா, மானமே போயிடும்.”

ஓகோ, அப்படியா சங்கதி! செய்கிறது ஒரு கால், பழி அந்த வாயில்லாத கியர்பாக்ஸுக்கு. எதற்கு? மாமனார் வீட்டில் ஐயாவின் ஜம்பம் ஒரு இஞ்ச் இறங்கிவிடக் கூடாது!

“நல்லா இருக்கற கியர்பாக்ஸைக் கெட்டுப்போச்சுன்னு எழுதி எனக்குப் பழக்கமில்ல சார்.”

“சரிங்க. அந்தக் காலைத் திருத்தவாவது ஒரு வழி சொல்லுங்க.”

“இடது காலைப் பின்னால இழுத்து சீட்டை ஒட்டி வச்சுடணும். வண்டியை விட்டு இறங்கற வரைக்கும் அது உங்க கால் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கால்னு நெனச்சுக்குங்க.”

அவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: இடது கால், பின்னால், பக்கத்து வீடு.

“கார் ஓட்டறதுக்கும் பிட்டா!” என்றது டயர் பக்கத்திலிருந்து ஒரு குரல். இந்த முறை டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு மை காய ஊதிக்கொண்டிருந்தார்.

அந்நேரம் எதிர் சலூனிலிருந்து, கழுத்துப் பவுடரைக்கூடத் துடைக்காமல் ஒரு பெரியவர் ரோட்டைத் தாண்டி வந்தார். ஆள் வருவதற்குள் குரல் வந்துவிட்டது.

“என்ன மாப்பிள்ளை, கியர்பாக்ஸ்தானே? நான் அன்னைக்கே சொல்லல? முப்பது வருஷம் லாரி ஓட்டினவன். உதறலை வச்சே நோயைச் சொல்லிடுவேன்! என்னம்மா, சரிதானே நான் சொல்றது?”

மாப்பிள்ளை உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டார். கண்ணாலேயே கும்பிட்டார்.

இந்த வீண் ஜம்பத்துக்கு இன்றைக்கே ஒரு முடிவு கட்டிவிடுவது என்று டாக்டரம்மா வாயைத் திறந்தாள்.

பெரியவர் எங்கே காத்திருந்தார்? மேஜை மேலிருந்த சாவியை எடுத்தார். கதவைத் திறந்தார். ஸ்டீயரிங் பின்னால் போய், பட்டத்துக்கு வந்த ராஜா மாதிரி உட்கார்ந்தார்.

திறந்த வாயோடு டாக்டரம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். “ஏன், நீங்க ஓட்டலையா?”

“ஆயுசு பூரா அடுத்தவங்க வண்டியே ஓட்டினவர் மேடம். சொந்தமா இப்படி ஒரு கார் ஓட்டணும்னு ஆசைப்பட்டார், வாங்கினேன்.” அவர் கூச்சத்தோடு சிரித்தார். “எனக்கு ஓட்டவே தெரியாதுங்க.”

டாக்டரம்மாவின் பார்வை பெரியவரின் இடது காலுக்குப் போனது. பிறகு போய்க் கார் ஜன்னலில் குனிந்தாள்.

“கியர்பாக்ஸேதாங்க ஐயா! ரொம்பக் கூச்ச சுபாவம். பக்கத்துல இடது காலைக் கண்டாலே உதறிடுது. நீங்கதான் பெரிய மனசு பண்ணி, அதைக் கொஞ்சம் பின்னால மறைச்சு வச்சுக்கணும்.”