எண்ணெய் பூசிய குட்டி

மேச்சேரி ஆட்டுக் கண்காட்சிப் பந்தலில், முதல் பரிசுக்கு மிஞ்சிய இரண்டு குட்டிகளின் முதுகையும் கால்நடை மருத்துவர் மாறி மாறித் தடவிப் பார்க்கிறார். இரண்டும் சின்னாயி வீட்டு ஆடு ஈன்ற இரட்டை. பிழைக்காது என்று அவள் கொடுத்துவிட்ட நோஞ்சானைப் பக்கத்து வீட்டுக் கலைமணி புட்டிப்பால் புகட்டி வளர்த்திருக்கிறாள். பந்தல் ஓட்டை வழியே விழும் வெயிலில் அது செங்கல்லாய்ச் சிவந்து நிமிர்ந்து நிற்கிறது. மினுமினுக்கட்டும் என்று சின்னாயி காலையில் தன் குட்டிக்குக் கடலை எண்ணெய் தேய்த்தாள். மைதானத்துப் புழுதியெல்லாம் அதன் மேலேயே அப்பிக் கிடக்கிறது. மருத்துவரின் கை கலைமணியின் குட்டியை விட்டு நகரவில்லை. சின்னாயி தன் குட்டியின் மேல் அப்பிய புழுதியை வெறுங்கையால் வழித்து வழித்துப் பார்க்கிறாள். பரிசு நாடாவைக் கலைமணி குட்டியின் கழுத்தில் கட்டிக்கொண்டே மருத்துவர், "தாயாடு யாரோடதும்மா?" என்கிறார். "இந்தக்கா ஊட்டுதுங்க சார். அவிய குடுத்த குட்டிதானுங்க." கலைமணி கைகாட்ட, கூட்டம் சின்னாயியைப் பார்த்துக் கைதட்டுகிறது. அவளும் சிரித்தபடி தட்டுகிறாள். எண்ணெய்ப் பிசுக்கில் அவள் கையிலிருந்து மட்டும் சத்தமே வரவில்லை.