முனிரத்தினத்தின் கட்டைவிரல்

ஆம்பூர் டேனரியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போடும் முனிரத்தினம், வேலூர்க் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தும் சாராவுக்கு மாதாமாதம் தோல் துண்டுகள் கொண்டுவந்து கொடுப்பார். 1982இல் முதல் தடவை வந்தபோது, "இதுல கைநாட்டு வைங்க" என்று பதிவேட்டை நீட்டினாள். கிருமி வளர்க்கும் உப்புக்கூழ்த் தட்டு மேசையில் திறந்திருந்தது. ஸ்டாம்ப் பேடு என்று நினைத்து அதில் விரலை அழுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் தட்டில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை வளர்ந்திருந்தது. உப்புப் பட்டுப் பட்டு ஆறாமலே கிடந்த வெட்டுக்காயமும் அதன் குறுக்கே தெரிந்தது. கடும் உப்பில் மட்டுமே வாழும் அந்தப் பாக்டீரியா எந்தப் பட்டியலிலும் இல்லை. சாரா அதைக் கம்பியால் தொட்டு வேறு தட்டுகளில் கோடாக இழுத்தாள். எல்லாவற்றிலும் கட்டைவிரலே வளர்ந்தது. அறிக்கையில் அவள் அதை எழுதவில்லை.

"இந்தப் புதுக் கிருமிக்கு உங்க பேரையே வெச்சிடட்டுமா?" என்று அடுத்த தடவை அவர் வந்தபோது கேட்டாள்.

"தோலைக் கெடுக்கிற செவப்புக்கு எம்பேரா? வேற ஆளே கெடைக்கலியாம்மா?" என்று சிரித்தார்.

1984 தை மாதம் முனிரத்தினம் இறந்துபோனார். சாரா ஆம்பூர் போய் மாலை போட்டுவிட்டு வந்தாள். அடுத்த வாரம் புதுத் தட்டைத் திறந்தாள். விரல் இருந்தது, குறுக்குக் கோடு இல்லை.

குறிப்பேட்டில் பெயர் என்ற இடத்தில் முனிரத்தினம் என்று எழுதினாள். மாற்றம் என்ற இடத்தில், காயம் ஆறிவிட்டது என்று எழுதினாள்.