கேட்டுக்கினு கீற சார்

கருவாட்டு வாசம் அபிதகுசாம்பாளுக்கு முன்னால் டெலிபோன் ஆபீசுக்குள் நுழைந்தது.

செல்போன் சிம்முக்கு விலாசச் சான்று கொடுக்க வரிசையில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். அவள் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி நேராக மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், எங்க போன் பேச்சையெல்லாம் நீங்க கேட்டீங்களா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

அதிகாரி அருள்தாஸ் பேனாவை மூடினார். இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. போன வருஷக் கடைசியில் டில்லியில் சட்டத்தைத் திருத்தினார்கள். கம்ப்யூட்டரில் போவதையும் போனில் பேசுவதையும் அரசாங்கம் வேண்டும்போது எடுத்துக் கேட்கலாம் என்று பேப்பரில் வந்தது. அன்றிலிருந்து யாராவது ஒருவர் சண்டைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

"அந்தச் சட்டம் நாட்டுப் பாதுகாப்புக்கும்மா. தீவிரவாதிங்களைப் புடிக்க."

"ஆரணியில எந்தத் தீவிரவாதி கீறான்?" என்றார் வரிசையில் நின்ற சடையன். சேவூரில் நெல் போடுகிறவர். "நாங்க எந்தச் சின்னத்துல குத்தறோம்னு தெரிஞ்சிக்கத்தானே இதெல்லாம்? எங்களுக்குத் தெரியாதா சார்?"

வரிசை சிரித்தது. அபிதகுசாம்பாளும் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் திருமலை பேசுகிற மாதிரியே இருந்தது.

திருமலை பட்டுப்புடவைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கும் பெங்களூருக்கும் பஸ்ஸில் போய்க் கடைகளுக்குப் போடுகிறவர். வழியெல்லாம் போன் செய்வார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து பேச்சில் மூன்றாவதாக ஓர் ஆளையும் சேர்த்துக்கொண்டார்.

"இன்னா கொழம்பு?" என்று அவளைக் கேட்பார். உடனே, "கேட்டுக்கினு கீற சார், உங்க ஊட்ல இன்னா?" என்பார்.

தீவிரவாதியாவது மண்ணாவது, எல்லாம் சேல்ஸ் டாக்ஸ்காரனுக்காகப் போட்ட சட்டம் என்பார் ஒரு நாள். நெசவாளர் சங்கம் எப்போது கூலி உயர்வு கேட்கும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்க என்பார் இன்னொரு நாள். எதற்காக இருந்தாலும் சரி, நம் அடுப்படி அரசாங்கத்துக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஆகையால் ஓர் உத்தரவு போட்டார். கருவாட்டுக் குழம்பு வைத்தால் போனில் சாம்பார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவளும் அப்படியே சொல்வாள்.

"ஆ! சாம்பாரா!" என்று ஓசூர் பஸ்ஸில் அவர் போடுகிற கூச்சல் ஆரணி வரைக்கும் இனிக்கும். சாம்பாருக்கா இந்த ஆள் இந்தக் குதி குதிக்கிறான் என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் பேசுவதும் போனில் கேட்கும்.

"யாரும் கேக்கலைம்மா," என்றார் அருள்தாஸ். "சத்தியமா கேக்கல."

"பதிஞ்சி வச்சிருப்பீங்களே?"

"அதுவும் இல்ல. யார் யாருக்குப் பேசினாங்க, எவ்வளவு நேரம், அது மட்டும்தான் எங்க கிட்ட இருக்கும். பேச்சு இருக்காது. நிம்மதியா போய்ட்டு வாங்க."

அவள் நகரவில்லை. மேசையின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சாம்பார்னு பொய் சொன்னதுல கோவமா சார்? ஒத்துக்கறேன். அத்தினி நாளும் கருவாடுதான்."

அருள்தாஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் மஞ்சள் பைக்குள் கைவிட்டாள். கருவாட்டுப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, அடியில் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஒரு கேசட். புத்தம் புதிது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை.

"எல்லாம் வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு போதும். சாம்பாரான்னு ஒரு கூவு கூவுவாரு, அத மட்டும் இதுல போட்டுக் குடுங்க. வைகாசியில போய்ட்டாரு. வூட்ல அவரு போட்டோ கீது, சட்ட கீது. கொரலு மட்டும் எங்கியும் இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது.

அருள்தாஸ் கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையில் வைத்து அவரே சுற்றினார்.

"இருந்தா இப்பவே குடுத்துடுவேம்மா. நெசமாவே இல்ல."

பொய் சொல்கிற முகமாக இல்லை. அவள் அந்த முகத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுக் கேசட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் படியிறங்கும்போது சடையன் வரிசையை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அந்தாளு பேச்ச நம்பாதீங்க யக்கா," என்றார் மூச்சு வாங்க. "வச்சிகினேதான் இல்லம்பானுங்க. கவர்மெண்டு என்னிக்கு உள்ளத ஒத்துக்கிச்சி? எல்லாம் டில்லியில பத்திரமா கீது."

அபிதகுசாம்பாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வரிசையில் அவர் விட்டுவந்த இடத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

"அதானே!" என்றாள். "இவங்கள எப்புடி நம்பறது?"

பஸ் ஸ்டாண்டுக்குப் பாதி வழியில் போன் அடித்தது. பெரணமல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் லாவண்யா.

"இன்னிக்கு இன்னாம்மா கொழம்பு?"

கருவாட்டு வாசம் கூடவே வந்துகொண்டிருந்தது. அபிதகுசாம்பாள் நடுத்தெருவில் நின்று, போனை வாயருகே பிடித்து, டில்லி வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சாம்பார்!"