பன்னிரண்டாவது மேற்கோள்

ஏறும்போது ஒரு கோடு. இறங்கும்போது வேறொரு கோடு.

ஒரே ஊசி. ஒரே பிளாஸ்மா. இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும்.

விழவில்லை.

கண்ணாடிக் கலத்துக்குள் ஆர்கான் வாயு, மின்சாரம் பாய்ந்து பிளாஸ்மாவாகி, இளஞ்சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் நீட்டியிருந்தது ஒரு டங்ஸ்டன் ஊசி. ஊசிக்குத் தரும் மின்னழுத்தத்தை மெல்லக் கூட்டினால், அதில் பாயும் மின்னோட்டம் திரையில் ஒரு கோடாக ஏறும். மெல்லக் குறைத்தால், ஏறிய வழியிலேயே இறங்கும். அந்தக் கோட்டின் சரிவைப் பார்த்து, உள்ளே எலெக்ட்ரான்கள் எவ்வளவு சூடாக இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். தெர்மாமீட்டரை உள்ளே விட முடியாத இடத்தில் இந்த ஊசிதான் தெர்மாமீட்டர்.

இரண்டு கோடு என்றால் இரண்டு வெப்பநிலை. எது உண்மை?

அவள் வயரை மாற்றிப் பார்த்தாள். எர்த்தைச் சரிபார்த்தாள். வாயுவை முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினாள்.

இரண்டு கோடு.

"நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்துச்சு மேடம்" என்றான் இர்ஃபான். அவளிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவன்.

மேசையில் இன்னொரு திரை. அதில் பேராசிரியர் பதவிக்கான அவளுடைய விண்ணப்பம் பாதியில் நின்றிருந்தது; கடைசி நாளுக்கு இன்னும் ஆறு மாதம்.

விண்ணப்பத்தில் கேட்டிருப்பது எளிதுதான். பன்னிரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றையும் குறைந்தது பன்னிரண்டு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும்.

பதினொன்று தேறிவிட்டன. பன்னிரண்டாவதற்குப் பதினோரு மேற்கோள்.

போன முறையும் அந்த ஒன்றுதான் குறைந்தது. அடுத்த முறை வயது வரம்பைத் தாண்டியிருப்பாள்.

"மேடம், கெடச்சிருச்சு!"

இர்ஃபான் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"இதே பிரச்சனைதான். ஊசி மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு படலம் படிஞ்சிருதாம். அதான் ரெண்டு கோடு. சரி பண்ற வழியும் போட்டிருக்கு. எழுதுனது யாருன்னு பாருங்களேன்."

அவளுடைய பெயர்.

"நீங்களே கண்டுபிடிச்சு நீங்களே மறந்துட்டீங்களே மேடம்!"

படித்தாள். யாரோ எழுதியதைப் போலிருந்தது. வேறொரு ஊரில், வேறொரு ஆய்வுக்கூடத்தில், அவசரமாக எழுதியது. விண்ணப்பத்தைப் பார்த்தாள். ஒன்று குறைந்து நிற்கும் அந்தப் பன்னிரண்டாவது கட்டுரை இதுதான்.

"இந்த அளவு கெடச்சிட்டா நம்ம பேப்பரை அனுப்பிடலாம். இதைக் கண்டிப்பா மேற்கோளா சைட் பண்ணிடறேன் மேடம்."

பன்னிரண்டு.

சிரிக்கப் போனவள் நின்றாள்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டினால் கணக்கில் சேராது. இந்தத் துறையில் மாணவர் எழுதும் எந்தக் கட்டுரையிலும் வழிகாட்டியின் பெயர் கடைசியில் இருக்கும். கேட்பதுகூட இல்லை. அதுவாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் பெயர் இருந்தால் பதினொன்று. இல்லாவிட்டால் பன்னிரண்டு.

கலத்தைப் பொருத்தியது அவன். அளந்தது அவன். கணக்குப் போட்டு எழுதியதும் அவன்தான். தன் பெயரை நீக்குவதுதானே நியாயம்?

அப்படியானால் இதற்கு முன் ஏன் தோன்றவில்லை?

ஒரே செயல். எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆத்தர் பேரெல்லாம் எப்பவும் போலத்தானே மேடம்?"

"உன் பேரை மட்டும் போடு."

அவன் முகம் வெளிறியது. "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"இல்லப்பா. வேலை முழுக்க நீதானே பண்ணினே."

அவன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

"இந்த டிப்பார்ட்மெண்ட்ல இப்படி யாருமே செஞ்சதில்ல மேடம். எங்க அத்தாகிட்ட, அம்மாகிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க."

சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

கலத்தின் பக்கம் திரும்பினாள். பழைய கட்டுரையில் இருந்தபடி மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கூட்டினாள். எலெக்ட்ரான்கள் திரண்டு வந்து ஊசியில் மோதின. நுனி தணல்போலச் சிவந்தது. படலம் போயிருக்கும்.

ஆறவிட்டு அளந்தாள்.

ஏறிய கோட்டின்மேலேயே இறங்கிய கோடும் படிந்தது.

"அவ்வளவுதானா மேடம்?"

அவ்வளவுதான். படலம் மறுபடியும் படியும். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் ஊசியைச் சிவக்கச் சூடாக்க வேண்டும்.